சுக்கான் யார் கையில்?

இவ்வாரத் தியானப் பகுதி: பிரசங்கி 4:9-12, அப்போஸ்தலர் 18:18-26, எபேசியர் 5:21-33





அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் நம் சபைப் பிள்ளை ஒருவர் அவ்வப்போது எனக்குக் கடிதம் எழுதுவதுண்டு. சென்ற ஆண்டு அவர் எழுதிய கடிதம் ஒன்றில் தம் அண்டை வீட்டாரைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தார். பணி ஓய்வு பெற்ற, அறுபதைக் கடந்த ஒரு கணவனும் மனைவியும், மோட்டார் படகு ஒன்றில் ஏறி, ஏரிகள் வழியாகவும் ஆறுகள் வழியாகவும் ஓராண்டுப் பயணம் புறப்பட்டார்களாம். அதன் பின்பு வந்த கடிதங்களிலும் அந்தப் படகு எங்கே போயிருக்கிறது என்ற செய்தி இடம்பெற்றது. நானும் ஆர்வத்தினால், அதே பாதையில் சென்றுவந்த வேறு சில தம்பதியரின் பயணக் குறிப்புகளைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, நான் படகைப் பற்றி அல்ல, நம் குடும்பங்களைப் பற்றியும் என் குடும்பத்தைப் பற்றியும் சிந்திக்கத் தொடங்கினேன். அந்தச் சிந்தனையையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தப் பாதைக்குப் "பெருவளையம்" என்ற பொருள் தரும் பெயர் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றி, ஏறத்தாழ 6,000 மைல் நீளத்திற்கு, ஏரி, ஆறு, கால்வாய், கடலோர நீர்வழி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. மிச்சிகன் ஏரியில் கோடையின் இறுதியில் புறப்படுகிறவர்கள் சிகாகோ நகரின் நடுவே நுழைந்து, இல்லினாய் ஆற்றில் இறங்கி, மிசிசிப்பி ஆற்றை அடைகிறார்கள். அங்கிருந்து ஒகையோ ஆற்றில் எதிர்நீச்சலாக ஏறி, டென்னசி ஆற்றின் வழியே தெற்கே திரும்பி, 234 மைல் நீளமுள்ள டென்னசி-டாம்பிக்பி நீர்வழியில் 10 மதகறைகளைக் கடந்து மெக்சிகோ வளைகுடாவைச் சேருகிறார்கள். குளிர்காலம் ஃபுளோரிடாவில் கழிகிறது. வசந்தத்தில் அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, நியூயார்க்கின் அட்சன் ஆறு, 1825ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஈரி கால்வாய், கனடாவின் ஏரிகள் என்று கடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறார்கள். தாங்கள் புறப்பட்ட நீர்த்தடத்தைத் தாங்களே மீண்டும் கடக்கும் அந்த நாளைப் பெரிய பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். பயணத்தில் இருப்போரின் படகில் வெள்ளைக் கொடியும், வளையத்தை முடித்தவர்களின் படகில் பொன்னிறக் கொடியும் பறக்கும்.

இந்தப் பயணிகளில் பெரும்பாலோர் வயதான தம்பதியர். படகின் வேகமோ பலருக்கு மணிக்கு எட்டு, பத்து மைல்தான். மிதிவண்டியில் செல்வதைப் போன்றது. படகில் வேறு பணியாளர் இல்லை. கணவனும் மனைவியுமே மாலுமிகள், அவர்களே சமையல்காரர்கள், எஞ்சின் பழுதானால் அவர்களே கையில் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும்.

பிரியமானவர்களே, அவர்களுடைய குறிப்புகளில் என்னை முதலில் நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பயணத்திற்குப் புறப்படும் பல தம்பதியர் தவறாமல் வாங்கும் பொருள், காதில் மாட்டிப் பேசும் கம்பியில்லாக் கருவி. ஒருவர் சுக்கானைப் பிடித்திருப்பார். மற்றவர் படகின் முனையில் கயிற்றோடு நிற்பார். நடுவே எஞ்சினின் இரைச்சல், காற்றின் இரைச்சல். கருவி இல்லாவிட்டால் கத்தித்தான் பேச வேண்டும். "இடது பக்கம்" என்று கத்தினால், சொன்னது இடது பக்கம் என்பது மட்டுமே. ஆனால் கேட்பவருக்கு அது கோபமாகக் கேட்கிறது. பதிலும் கோபமாக வருகிறது. படகுத்துறையில் நிற்கும் அந்நியர் அனைவரும் வேடிக்கை பார்க்க, ஒரு நல்ல மாலைப்பொழுது கெட்டுப்போகிறது. அந்தக் கருவியை மாட்டிக்கொண்டால், அதே வார்த்தையை மெல்லிய குரலில் சொல்லலாம். ஆகவே படகோட்டிகள் அதற்கு வேடிக்கையாக, "திருமணத்தைக் காப்பாற்றும் கருவி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். பிறகு, நம் வீடுகளில் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் கோபமே இல்லாமல் கத்திக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகளின் இரைச்சல், கடனின் இரைச்சல், தொலைக்காட்சியின் இரைச்சல் ஆகியவற்றைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று உயர்த்திய குரல், இரைச்சல் ஓய்ந்த பிறகும் தாழவில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். வீடு அமைதியாகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆனாலும் இன்று நான் சொல்ல விரும்புவது குரலைப் பற்றி மட்டும் அல்ல, சுக்கானைப் பற்றியது.

இப்பயணத்தில் அனுபவம் பெற்றவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: இருவருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகக் கணவன் சுக்கானைப் பிடிப்பான். மனைவி கயிற்றை எறிவாள். ஆனால் சற்று யோசித்தால், கனமான கயிற்றை எறிவதற்கும் படகைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடிப்பதற்குமே உடல்வலிமை வேண்டும்; சுக்கானுக்கு வேண்டியதோ கவனமும் மென்மையான கையும். எனவே பொறுப்புகளை மாற்றிக்கொண்டு பாருங்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். மனைவியருக்குப் படகு செலுத்தக் கற்றுத்தரும் வகுப்புகளும் அங்கே உண்டு. காரணம் எளிது. நடு ஏரியில் கணவனுக்கு நெஞ்சு வலித்தால், வானொலிக் கருவியில் உதவி கேட்கவும், தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லவும், படகைக் கரைக்குக் கொண்டுவரவும் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இருவரும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு நம் சபையின் இரண்டு வீடுகள் நினைவுக்கு வந்தன. அடையாளத்தை மறைத்து, அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

ஒரு சகோதரியின் கணவர் ஒரு விடியற்காலையில் திடீரென்று ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்த நான்காம் நாள், அந்தச் சகோதரி ஒரு மஞ்சள் பையோடு போதகர் இல்லத்திற்கு வந்தார். பைக்குள் மூன்று வங்கிப் புத்தகங்கள், காப்பீட்டுப் பத்திரங்கள், வீட்டு வரி ரசீதுகள், ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுக் காகிதம். "ஐயா, இதில் எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். முப்பத்துநான்கு ஆண்டு தாம்பத்தியம். ஏடிஎம் அட்டையை அவர் ஒருமுறைகூடத் தம் கையால் பயன்படுத்தியதில்லை. அவருடைய கணவர் கொடுமைக்காரர் அல்லர். மனைவியை மிகவும் நேசித்தவர். "அவளுக்கு எதற்கு இந்தத் தொல்லை" என்பதே அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. அன்பினால்தான் எல்லாவற்றையும் தாமே சுமந்தார். அந்த அன்பே, அவர் போன பிறகு, அந்தச் சகோதரியின் கைகளைக் கட்டிப்போட்டது. தன் சொந்தப் பணத்தை எடுக்க யாரிடம் உதவி கேட்பது, யாரை நம்புவது என்று தெரியாமல் அவர் ஒரு வருடம் தவித்தார்.

மற்றொரு வீட்டில், மனைவியை இழந்த பெரியவர் ஒருவர். அரசுப் பணியில் நூறு பேரை மேற்பார்த்தவர். நான் சந்திக்கச் சென்ற காலையில், உணவு மேசையின்மீது மாத்திரை அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைச் சாப்பாட்டுக்கு முன் விழுங்க வேண்டும், எதைப் பின்பு விழுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் உள்ளங்கை அவருக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. ஒரு குவளைக் கஞ்சி வைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

இரு வீடுகளிலும் அன்பு இருந்தது. ஜெபம் இருந்தது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்த குடும்பங்கள்தாம் அவை. இல்லாதது ஒன்றே: ஒருவர் கையில் இருந்ததை மற்றவர் கற்றுக்கொள்ளவில்லை. இதற்கு ஒரு பங்கு காரணம் எங்கள் பிரசங்கம் என்பது என் கருத்து. புருஷனே தலை என்று எத்தனையோ திருமண ஆராதனைகளில் பிரசங்கித்திருக்கிறோம். தலை என்றால், சுக்கானை ஒருவரே பிடித்துக்கொண்டு, மற்றவர் பின்னால் உட்கார்ந்திருப்பது என்று சபையார் விளங்கிக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

வேதத்திற்குத் திரும்புவோம். எபேசியர் 5ஆம் அதிகாரத்தைத் திருமணங்களில் நாம் பெரும்பாலும் 22ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிறோம். ஆனால் கிரேக்க மொழியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த வசனத்திற்குத் தனியான வினைச்சொல்லே கிடையாது. கீழ்ப்படிதல் என்ற வினையை அது 21ஆம் வசனத்திலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அந்த 21ஆம் வசனமோ, விசுவாசிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்று போதிக்கிறது. முந்தின வசனத்தை விட்டுவிட்டுப் பிந்தினதை மட்டும் வாசிப்பது, வாக்கியத்தை நடுவில் வெட்டுவதற்குச் சமம். அதற்குப் பின்வரும் வசனங்களில் கணவனுக்குக் கொடுக்கப்படும் மாதிரியும் அதிகாரம் செலுத்துகிற அரசனல்ல. சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து.

ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஏவாளைக் குறித்துச் சொல்லப்படும் "துணை" என்ற சொல்லும் அப்படியே. எபிரெய மொழியில் அந்தச் சொல் "ஏசேர்". உதவியாள், கையாள் என்ற தாழ்ந்த பொருளில் அதை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் 121ஆம் சங்கீதத்தில், பர்வதங்களை நோக்கிப் பார்க்கிறவனுக்குக் கர்த்தரிடமிருந்து வரும் ஒத்தாசைக்கும் அதே சொல்தான் வழங்கப்படுகிறது. கர்த்தர் இஸ்ரவேலின் கையாள் அல்லவே. துணை என்பது, இல்லாவிட்டால் நாம் விழுந்துபோகக்கூடிய பலம்.

பெருவளையத்தின் பாதையில் கனடா நாட்டில் பீட்டர்பரோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1904ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு படகுத்தூக்கி இன்றும் இயங்குகிறது. நீர் நிரம்பிய இரண்டு மாபெரும் தொட்டிகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. படகுகள் அவற்றுக்குள் மிதந்தபடி நுழைகின்றன. மேலே இருக்கும் தொட்டியில் ஓர் அடி நீர் கூடுதலாக விடப்படுகிறது. அந்தக் கூடுதல் பாரத்தினால் அது கீழே இறங்க, மற்றது மேலே உயருகிறது. 65 அடி உயரம்! எந்திர விசையால் தூக்குவதில்லை. ஒன்று தன்னைத் தாழ்த்துவதால் மற்றது உயருகிறது. அடுத்த முறை, உயர்ந்தது தாழுகிறது, தாழ்ந்தது உயருகிறது. எபேசியர் 5:21க்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இறையியல் கல்லூரியில் கேட்டதாக நினைவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். எப்போதும் ஒரே தொட்டிதான் கீழே இறங்க வேண்டும் என்றால், ஒரு முறைக்குப் பின் அந்தத் தூக்கி நின்றுபோகும்.

வேதத்திலேயே ஒன்றாகக் கப்பலேறிய ஒரு தம்பதி உண்டு: ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்தார்கள். அங்கே பவுலோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார்கள். பின்பு கெங்கிரேயாத் துறையிலிருந்து பவுலுடன் கப்பலேறி எபேசுவில் இறங்கினார்கள். ஊர் ஊராகப் போனார்கள். போன இடத்திலெல்லாம் அவர்கள் வீடு சபையாயிற்று. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் அவர்கள் பெயர் வருகிறது. ஆறிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. அப்பொல்லோ என்ற கல்விமானை அழைத்துக்கொண்டு போய், தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கியபோதும் இருவரும் சேர்ந்தே விளக்கினார்கள். ரோமருக்கு எழுதும்போது பவுல் பிரிஸ்கில்லாளின் பெயரையே முதலில் எழுதி வாழ்த்துகிறார். அந்த வீட்டில் யார் தலை என்ற கேள்வியை லூக்கா எழுப்பவே இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதி வைத்தார்.

இவ்வளவும் எழுதிய பிறகு, என் சொந்தக் காரியம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மாயக்காரனாவேன்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு ஓர் இடமாற்றம் வந்தது. போக விருப்பமா என்று மாலையில் தொலைபேசியில் கேட்டார்கள். ஊழியத்திற்கு அழைப்பு வந்தால் தயங்கக் கூடாது என்ற எண்ணத்தில், உடனே சம்மதம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை உணவின்போது என் துணைவியாரிடம் செய்தியைத் தெரிவித்தேன். அவர் அப்போது அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. அந்த வேலை அவருக்கு உயிர். ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். மூன்று வாரம் கழித்து, அட்டைப்பெட்டிகளின் நடுவே உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: "எங்கே போகிறோம் என்பதை நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள். சாமான்களைக் கட்டுவது மட்டும்தான் என் பங்கா?"

அதற்கு நான் ஒரு வேதவசனத்தைப் பதிலாகச் சொன்னேன். எந்த வசனம் என்று நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள். அவர் மௌனமானார். அந்த மௌனத்தை நான் கீழ்ப்படிதல் என்று எண்ணிக்கொண்டேன். புதிய ஊரில் ஊழியம் ஆசீர்வாதமாகவே நடந்தது, ஆலயம் விரிவாக்கப்பட்டது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அவர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழையவே இல்லை. அந்த வசனத்தை அன்றைக்கு அவர் வாயை அடைப்பதற்குப் பயன்படுத்தினேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. சென்ற மாதம்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்போதாவது கேட்டீர்களே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இழந்த வகுப்பறையை என்னால் திருப்பித்தர முடியாது. இந்தச் சிந்தனையை வெளியிடலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுத்தான் வெளியிடுகிறேன். இரண்டு வரிகளை அவர் நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

பிரியமானவர்களே, சிலர் மனதில் எழக்கூடிய கேள்விகளை நான் அறிவேன்.

"படகு வாங்கி ஊர் சுற்றுவது செல்வந்தரின் பொழுதுபோக்கு, அதில் கிறிஸ்தவனுக்கு என்ன பாடம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். எரிபொருளுக்கும் படகுத்துறைகளுக்கும் அங்கே பெரும்பணம் செலவாகும். ஓய்வுக்காலம் முழுவதையும் நம் இன்பத்திற்கே செலவிடலாமா என்ற கேள்வியும் நியாயமானது. நான் யாரையும் அதற்கு அழைக்கவில்லை. ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரு சிறிய அறைக்குள், ஓடிப்போக இடமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ அவர்கள் துணிந்தார்கள். நம்மில் பலர் பெரிய வீடுகளில், ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு கைப்பேசியோடு அதைத் தவிர்த்துவிடுகிறோம்.

"இரண்டு தலைவர்கள் இருந்தால் கப்பல் கவிழாதா?" என்றும் கேட்பீர்கள். நல்ல கேள்வி. படகிலும் ஒரே நேரத்தில் இருவர் சுக்கானைப் பிடிப்பதில்லை. சுக்கானைப் பிடித்திருப்பவர் சொன்னதை அந்த நேரத்தில் மற்றவர் கேட்க வேண்டும். மதகறைக்குள் நின்றுகொண்டு விவாதம் செய்ய முடியாது. மதகறை என்பது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி. படகு உள்ளே போனதும் கதவு மூடும். நீர் ஏறும் அல்லது இறங்கும். பிறகு மறுகதவு திறக்கும். நீர் இறங்கும்போது, சுவரில் உள்ள கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ஆனால் படகோடு இறுகக் கட்டிவிடக் கூடாது. கட்டிவிட்டால் நீர் தாழ, படகு சுவரில் தொங்கிச் சரிந்துவிடும். பிடித்திருக்க வேண்டும், அதே சமயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அதிகாரமும் அப்படியே. பொறுப்பை ஏற்பது தவறல்ல. கட்டிவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்பதே தவறு.

அந்த மிச்சிகன் தம்பதியைப் பற்றி வந்த கடிதங்களுள் ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறேன். மெக்சிகோ வளைகுடாவில், ஃபுளோரிடாவின் கரை வளையும் இடத்தில், சுமார் 170 மைல் தூரத்திற்குத் திறந்த கடலைக் கடக்க வேண்டியிருக்கிறது. மெதுவாகச் செல்லும் படகுக்கு இருபது மணி நேரத்திற்கு மேல் ஆகும். எனவே இரவெல்லாம் பயணம். கரை தெரியாது, விளக்கு தெரியாது. ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, மற்றவர் உறங்க வேண்டும். சில மணி நேரத்திற்குப் பின் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கணவர், முதல் முறை தம் மனைவியிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுக் கீழே சென்று படுத்தாராம். உறக்கம் வரவில்லை. எஞ்சினின் ஒவ்வோர் ஒலி மாற்றத்திற்கும் திடுக்கிட்டார். ஒருமுறை எழுந்தும் வந்தார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, போய்ப் படுக்கும்படி சைகை காட்டினாராம். அதன்பின்பு விடியும்வரை உறங்கியதாகவும், தம் திருமண வாழ்வில் அத்தனை நிம்மதியாக உறங்கிய இரவு வேறில்லை என்றும், ஊர் திரும்பிய பிறகு நம் சபைப் பிள்ளையிடம் அவர் சொல்லியிருக்கிறார்.

கலிலேயாக் கடலில் புயல் அடித்தபோது படகின் பின்னணியத்தில் உறங்கிக்கொண்டிருந்த நம் ஆண்டவரை எண்ணிப் பாருங்கள். காற்றையும் கடலையும் அதட்டும் வல்லமை உடையவர், சுக்கானைச் செம்படவர் கையில் விட்டுவிட்டு உறங்கினார். அவர்கள் பயந்தார்கள், எழுப்பினார்கள், அவரும் எழுந்து உதவினார். ஆனாலும் தம்மைத் தவிர யாராலும் படகு செலுத்த முடியாது என்று அவர் எண்ணவில்லை. சர்வ வல்லவரே நம்பி உறங்கினார் என்றால், தம் மனைவியிடம் ஒரு வங்கிப் புத்தகத்தைக் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?

ஆகவே இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களை அன்போடு வேண்டுகிறேன்.

முதலாவது, கணவன்மாரே, ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள வங்கிப் புத்தகம், காப்பீடு, பத்திரம், கடன் எல்லாவற்றையும் மேசையின்மீது வைத்து மனைவியோடு உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவரே தம் கையால் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் இருவரும் வங்கிக்குச் செல்லுங்கள். பணத்தை அவர் எடுக்கட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள், வாய் பேசாதிருங்கள்.

இரண்டாவது, மனைவியரே, உங்களுக்கும் ஒரு சுக்கான் உண்டு. அதை நீங்களும் எளிதில் விடுவதில்லை. ஒரு நாள் அடுப்பையும் மருந்துப் பெட்டியையும் அவர் பொறுப்பில் விடுங்கள். சோறு குழைந்தாலும் சாம்பாரில் உப்பு கூடினாலும் திருத்தாமல் சாப்பிடுங்கள். குழையாத சோறு ஐந்தாம் முறை வரும்.

மூன்றாவது, பிள்ளையின் படிப்பு, திருமணம், வீடு, நிலம் போன்ற பெரிய தீர்மானம் ஏதேனும் உங்கள் முன் இருக்குமானால், இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்து, இருவரும் பேசிய பிறகே தீர்மானியுங்கள். ஒருவர் சம்மதிக்காவிட்டால் காத்திருங்கள். அமெரிக்க ஆறுகளின் மதகறைகளில் சரக்குக் கப்பல்களுக்கே முதலிடம். சிறு படகுகள் வாசலில் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றன. காத்திருந்ததனால் பயணம் கெட்டுப்போனதாக யாரும் எழுதவில்லை. மனைவியின் வாயை அடைக்க வேதவசனத்தை எடுக்காதீர்கள். எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

துணையை இழந்து தனியே இருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, திருமணமாகாத சகோதர சகோதரிகளே, இந்தச் சிந்தனை உங்களை விட்டுவிட்டு எழுதப்பட்டதல்ல. சபை என்ற படகில் நீங்கள் பயணிகள் அல்லர்; எங்களோடு சேர்ந்து செலுத்துகிறவர்கள். வரும் மாதம் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின், நம் சபையில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பணப் பரிவர்த்தனை, ஓய்வூதியம், உயில் ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் கற்றுக்கொடுப்பார். மஞ்சள் பையோடு வந்த அந்தச் சகோதரி இப்போது எல்லாவற்றையும் தாமே செய்கிறார். வகுப்பில் அவருக்கு உதவியாக இருக்க முன்வந்திருப்பவரும் அவரே.

ஜெபம் செய்வோம்.

அன்புள்ள பரம பிதாவே, எங்களுக்கு நீர் தந்த துணைக்காக உமக்கு ஸ்தோத்திரம். நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் பலவீனராக்கிய குற்றத்தை மன்னியும். எங்கள் குரலைத் தாழ்த்தும். எங்கள் பிடியைத் தளர்த்தும். கரை தெரியாத இரவுகளில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் நிம்மதியாய் உறங்கும் கிருபையை எங்கள் வீடுகளுக்குத் தாரும். துணையை இழந்தவர்களுக்கு நீரே ஒத்தாசையாயிரும். அந்த ஒத்தாசையின் கைகளாக எங்களையும் பயன்படுத்தும். எங்கள் எல்லாரையும் நீர் ஆயத்தம் பண்ணின கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீராக. இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்